புகை போன இடத்தில் ஒரு நாற்காலி

விறகு சுமந்து விற்றவளிடம் விறகை மிச்சப்படுத்தும் அடுப்பை விற்கச் சொல்வது, கறிக்கடைக்காரனைக் கீரைக் கூடை தூக்கச் சொல்வதுபோலத்தான். ஆனாலும் அவள் ஒப்புக்கொண்டாள். சுமை ஏற்றி ஏற்றிக் கழுத்து பாதி தோளுக்குள் இறங்கியிருந்தது. மீதியையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? ஊர் மட்டும் அவளை இன்னும் ‘விறகுக்காரி’ என்றே கூப்பிட்டது.

புகையில்லா அடுப்பு கொடுத்த சங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. மூன்று மாதத்துக்குள் ஐந்து அடுப்பு திரும்பி வந்தால் ஏஜென்சி கிடையாது. மறுபடி காடு, மறுபடி தலைச்சுமை.

நாலு வந்துவிட்டன. நாலும் கீறல் விழாமல் பளபளவென்று வந்தன. என்ன குறை என்று கேட்டால், பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார்போல, “நல்லாத்தான் இருக்கு, எங்களுக்குத் தோதுப்படல” என்று இழுத்தார்கள்.

சங்கத்தின் ஆய்வுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, தையல்காரி அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தாள். விறகுக்காரி விரல்விட்டு எண்ணினாள்: ஐந்து.

“என்னக்கா, அடுப்பைக் காத்து வாங்கக் கூட்டிட்டு வந்தியா?”

“கிண்டல் வேண்டாம்டி. இதை நீயே வெச்சுக்க.”

“புகையுதா?”

“புகைஞ்சாத்தான் தேவலையே! வந்து பாரு.”

போய்ப் பார்த்தாள். தையல்காரி அடுப்பை இறக்கிவைத்துப் பற்றவைத்தாள். சமையலறை கண்ணாடிபோல் இருந்தது. அடுப்புக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் தையல்காரியின் மாமனார். முப்பது வருஷம் பஸ்ஸில் “உள்ளே போ, உள்ளே போ” என்று கத்தி ஓய்வு பெற்றவர், இப்போது தானே உள்ளே வந்துவிட்டார்.

“வெங்காயத்தை இவ்வளவு பொடியாவா நறுக்குவாங்க? தீயைக் குறைம்மா. உப்பு போட்டியா?”

தையல்காரி விறகுக்காரியைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனாள். “பதினாறு வருஷமா அந்த ரூம்ல ஆம்பளை நிழல் விழல. கண்ணு எரிஞ்சுது, இருமினோம், இல்லேங்கல. ஆனா அங்கதான் மூச்சு விட்டோம். பக்கத்து வீட்டுக்காரி வருவா, நாலு பேரோட தலையை உருட்டுவோம், சிரிப்போம். அழணும்னாகூட புகை மேல பழியைப் போட்டு அழுதுக்கலாம். இப்ப அழுதா, ‘ஏம்மா அழற’ன்னு நாற்காலில இருந்து கேள்வி வருது!”

மற்ற நாலு வீட்டிலும் நாற்காலிதான் என்பது விறகுக்காரிக்கு அப்போதுதான் விளங்கியது. சரக்கு நல்ல சரக்கு, அதுதான் கோளாறு.

சற்று யோசித்தாள். எந்த இலை எப்படிப் புகையும் என்பதில் அவளை அடிக்க அந்த ஊரில் ஆள் இல்லை. கொல்லையில் கிடந்த ஈரச் சருகைக் கைப்பிடி அள்ளி, நாரால் கட்டி நீட்டினாள்.

“அவர் உக்காந்த உடனே இதுல நாலு இலையை அடுப்புல போடு. நீ வெளிய வந்து நில்லு. ரெண்டு நிமிஷம் போதும்.”

ஒன்றரை நிமிஷத்திலேயே மாமனார் இருமிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “புது அடுப்பாம், புது அடுப்பு! எல்லாம் ஏமாத்து வேலை!”

தையல்காரி அடுப்பைத் தடவிக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் மற்ற நாலு பேரும் விறகுக்காரி வீட்டு வாசலில் நின்றார்கள். ஆளுக்கு ஓர் அடுப்பு, ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, வீட்டுக்கு வீடு கேட்க அறுபது கேள்வி கொண்டுவந்திருந்தார். தையல்காரி வீட்டு நாற்காலியில் சாய்ந்தார். மாமனார் உற்சாகமாக இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபதாவது கேள்வியில் இருவரும் வெங்காயம் நறுக்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தையல்காரியின் கை, பழக்க தோஷத்தில், சருகுக் கட்டுப் பக்கம் நகர்ந்தது.

அதிகாரியோடு வந்திருந்த விறகுக்காரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். “அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க!”

அதிகாரி நிமிர்ந்தார். “அது என்ன கட்டு? எல்லா வீட்டுலயும் பார்க்கறேனே?”

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் அல்ல விறகுக்காரி. ஆனால் அந்த நேரம் பார்த்து வாயில் உண்மைதான் வந்தது.

“அது இல்லேன்னா அடுப்பு திரும்பி வந்துடும் சார்.”

“ஓகோ, பராமரிப்புப் பொருள்” என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. திரும்பி வந்தவை: இல்லை. ஏஜென்சி: தரலாம்.

மறுவாரம் பெயர்ப்பலகையும், அவளுக்கென்று இலவசமாக ஓர் அடுப்பும் வந்தன. அதுவரை கைக்கு வந்ததையெல்லாம் விற்றுவிட்டு அவள் வீட்டில் புகையடுப்பில்தான் சமைத்தாள். இப்போது தன் சமையலறையில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு உலை வைத்தாள். ஆகா, என்ன சுகம்!

பின்னால் தரையில் எதுவோ உரசியது. புருஷன் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“நல்லா இருக்கே இங்க! உக்காரு, ஏஜென்சியை எப்படி நடத்தணும்னு சொல்றேன்.”

கட்டு வைத்த மூலையைப் பார்த்தாள். காலி. காலையில்தான் கடைசிக் கட்டை விற்றிருந்தாள்.

“ஒரு நிமிஷம் இருங்க” என்று தையல்காரி வீட்டுக்கு ஓடினாள்.

தையல்காரி கட்டை நீட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கடைக்காரி தோரணையில் கேட்டாள்:

“முதல்ல சொல்லு. வெறும் நாற்காலியா, கைவெச்சதா? கைவெச்சதுன்னா லேசுல எழுந்துக்க மாட்டாங்க, ரெண்டு கட்டு வேணும்.”