ஒன்பதாம் நம்பர் மெஷினின் இரைச்சல்

எங்கள் நூற்பாலையில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மெஷினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தினால் போதும். எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருட மெக்கானிக் வேலை. கம்பெனி கொடுத்த காதடைப்பானை ஒருநாளும் மாட்டியதில்லை. அதை மாட்டிக்கொண்டு நான் என்னத்தைக் கேட்பது?

ஒன்பதாம் நம்பர் மெஷினில் மெல்லிசாக ஓர் இரைச்சல் வந்தது. பேரிங்கை மாற்றினேன், போகவில்லை. இன்னொரு தடவையும் மாற்றினேன். என் கைவேலையில் குற்றம் இருக்க வாய்ப்பே இல்லை என்பதால், மெஷினை ஓட்டும் பெண் கிரீஸ் போடவில்லை என்று முடிவுகட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, அண்ணே."

"உனக்கே கேட்டுட்டா நான் எதுக்கும்மா இங்க?"

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆலைக்கு லீவு. ஆதாரத்தைக் கெட்டிப்படுத்திக்கொள்ள நான் மட்டும் போனேன். ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே, பழக்கதோஷத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டேன். அதே இரைச்சல். சுவரில் வைத்தேன், அங்கேயும் கேட்டது. மேனேஜர் நாற்காலியில் வைத்தேன். அதற்கும் பேரிங் போயிருந்தது.

அன்று மாலையே காது டாக்டரிடம் ஓடினேன். அந்த அம்மா பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மெஷின் சத்தத்துல உள்காதுல இருக்கற செல்லு நிறைய செத்துப்போச்சு. கீச்சுன்னு வர்ற சத்தம் உங்களுக்கு இப்ப கேக்காது. வரவேண்டியது வரலையேன்னு மூளை தானா ஒரு சத்தத்த உண்டாக்கிக்குது. அதான் இரைச்சல்."

"மருந்து குடுத்தா சரியாயிடுமா?"

"செத்தது பொழைக்காதுங்க. மிச்சத்தையாவது காப்பாத்திக்குங்க."

வீட்டில் சொன்னேன். மனைவி பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: "உங்களுக்குக் காது கேக்கலன்னு நான் மூணு வருஷமா சொல்றேன். அதுவும் உங்களுக்குக் கேக்கல." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு உண்மையச் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுடாதீங்க."

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணமும் வராமல் இல்லை. சொன்னால் என் பிழைப்பு என்னாகும் என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை விசாரணையில், அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "மெஷின்ல ஒண்ணுமில்ல சார். என் காதுலதான் கோளாறு. தப்பு என்னுது."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"அப்ப பதினோராம் நம்பர் மெஷின் ரெண்டு மாசமா கீச்சு கீச்சுன்னு கத்துறது உங்களுக்குக் கேக்கவே இல்லையாண்ணே? அந்தப் பக்கம் போறப்பல்லாம் கண்டுக்காம போனீங்க. அண்ணனே ஒண்ணும் சொல்லல, நல்லாத்தான் இருக்கும்போலன்னு நாங்களும் விட்டுட்டோம்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேனேஜர் விசாரணைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் அவளிடம் கேட்டார்.

"வேற எந்தெந்த மெஷின்லம்மா சத்தம் வருது?"