காதில் ஓதிய சாவி

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும், ஆறு மணிக்குத் திரும்ப வரும், கீழ்த்தளத்து ஸ்விட்ச் பலகையை மாற்றப் போகிறோம் என்று கட்டடக்காரர் லிஃப்ட் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். மூன்றாம் மாடி அலுவலகத்தில் அதை முதலில் படித்தவர் சின்ன மாப்பிள்ளை. அரைநாள் விடுமுறை கிடைத்தது என்று மகிழ்ந்து, மனைவிக்குப் போன் போட்டு, திரைச்சீலை வாங்கப் போகலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். பயப்பட வேண்டிய செய்தி அது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

நிறுவனம் மாமனாருடையது. ரத்தப் பரிசோதனை நிலையங்கள் தங்கள் ரிப்போர்ட்டுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள்தான் தொழில். மாமனாருக்கு இரண்டு பெண்கள். வெளியாளை நம்பும் பழக்கம் கிடையாது. ஆகவே மூத்த மாப்பிள்ளை ரிப்போர்ட்டுகள் இருக்கும் சர்வர் மெஷினைப் பார்த்துக்கொண்டார், சின்ன மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தோரு நிலையங்களின் ஏச்சுப் பேச்சு முழுவதும் சின்னவர் காதுக்கு. புகழ் ஏதாவது மிச்சம் இருந்தால் அது மூத்தவருக்கு.

மூத்தவரின் விசிட்டிங் கார்டில் 'தலைமைக் கட்டமைப்புச் சிற்பி' என்று பொன் எழுத்தில் இருக்கும். வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க ஆள் தேடுகிறவர். ஆனாலும் அலுவலகம் முழுக்க அவரைச் சிற்பி என்றே அழைத்தது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதால் கேலிக்கு உயிர் போய்விட்டது.

ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். சிற்பியின் கொள்கை சரியானது. கடவுச்சொல்லையும் சாவியையும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால், நிரலைப் பிரதி எடுக்கிறவன் எல்லாம் சாவியையும் கொண்டுபோவான். அதனால் அவற்றை வெளியே வைக்க வேண்டும். நிரல் ஓடத் தொடங்கும் நொடியில், 'தரவுதளம் இந்த இடத்தில் இருக்கிறது, அதன் கடவுச்சொல் இது, பூட்டைத் திறக்கும் சாவி இது' என்று அதன் காதில் ஓதிவிட வேண்டும். இப்படி ஓதப்படும் விஷயங்களுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். ஒரே நிரலைச் சோதனை மெஷினில் ஒரு விதமாகவும் உண்மையான மெஷினில் வேறு விதமாகவும் ஓதி ஓட்டலாம். அழகான ஏற்பாடு. சிற்பி இதைப் பற்றி மேடையேறி முக்கால் மணி நேரம் பேசுவார். தண்ணீர் குடிக்க இரண்டு முறை நிறுத்துவார், அந்த இரண்டு இடத்திலும் கைதட்டல் வரும்.

ஓதும் வேலையை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கோளாறு. மூன்று வருடத்துக்கு முன் தொடக்க நாளன்று, மாமனார் பக்கத்தில் நிற்க, சிற்பி கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், நிரலுக்கு வேண்டிய ஐந்து மாறிகளையும் தம் கையாலேயே தட்டினார். தட்டி, நிரலைக் கிளப்பினார். அது கிளம்பியது. அன்றிலிருந்து அது நிற்கவும் இல்லை, நிறுத்தப்படவும் இல்லை. சின்னச் சின்ன மின்வெட்டுகளைப் பேட்டரி தாங்கிக்கொண்டது; நான்கு மணி நேரம் அதற்குத் தாங்காது. தட்டிய திரையை மூடியதும் தட்டியதெல்லாம் போயிற்று. நிரல் தன் காதில் விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

தாளில் இருந்த ஆபத்தைக் கண்டுபிடித்தவர் செக்கிங் மேடம். விமான நிலையத்தில் பெட்டிகளைத் தேடித் தரும் மென்பொருளைப் பத்து வருடம் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் சர்வர் பராமரிப்புக்கு வந்தவர். பஸ்ஸில் ஏறும் பரிசோதகர் மாதிரி எந்த நேரத்திலும் எவரிடமும் டிக்கெட் கேட்பார் என்பதால் அந்தப் பெயர். வியாழக்கிழமை அவர் சிற்பியின் மேசைக்குப் போய் நின்றார்.

"சார், சனிக்கிழமை மெஷின் நிக்கப் போகுது. திரும்பக் கிளம்பும்போது அந்த அஞ்சையும் யார் கொடுப்பாங்க?"

"நான்தான்."

"நீங்க வர முடியலைன்னா?"

"நான் ஏன் வராம போறேன்?"

"காய்ச்சல், சார். எல்லாருக்கும் வரும்."

"எனக்கு வராது."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

சிற்பி நாற்காலியில் சாய்ந்தார். மேடைக் குரல் வந்தது. "எழுதி வச்ச ரகசியம் ரகசியமே இல்லை, மேடம். எல்லாம் இங்க இருக்கு," என்று நெற்றியைத் தொட்டார்.

"சரி சார். அப்ப நாளைக்கு வேற மெஷின்ல ஒரு தடவை சொல்லிப் பாத்துடலாம்."

"என்னைச் சோதிக்கிறீங்களா?"

"உங்களை இல்லை சார். சாவியை."

சிற்பி மறுத்துவிட்டார். பக்கத்து மேசையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்ன மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. ரிப்போர்ட்டுகள் எல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்பட்டவை. சாவி தவறினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரின் ரத்தக் கணக்கும் எவருக்கும் புரியாத கிறுக்கலாகிவிடும். காகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காகிதம் இல்லை. "இனிமே பேப்பர் எதுக்கு? நாங்க இருக்கோம்ல," என்று ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்கிச் சொன்னவர் அவர்தான். அவர் பேச்சை நம்பி, அவர் கண் முன்னாலேயே பழைய கட்டுகளை இயந்திரத்தில் போட்டுக் கிழித்தவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை மாலை அவர் மாமனார் வீட்டுக்குப் போனார். சகலையைப் பற்றி மாமனாரிடம் சொல்வது நடுக்கூடத்தில் பாம்பைப் பிடிப்பது போன்றது. பிடித்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு. மாமனார் முழுவதையும் கேட்டார்.

"பெரியவர் என்ன சொல்றார்?"

"எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்றார், மாமா."

"கல்யாண நாள் ஞாபகம் இருக்கான்னு என் பெரிய பொண்ணைக் கேளு," என்ற மாமனார் போனை எடுத்தார்.

ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை மெஷின் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செக்கிங் மேடம் ஒரு சிறிய கோப்பைத் தயாராக வைத்திருந்தார். அதில் ஐந்து வரி: இடப்பக்கம் மாறியின் பெயர், வலப்பக்கம் அதன் மதிப்பு. மெஷின் எழுந்ததும் அதன் காவலாளி நிரல் இந்தக் கோப்பைப் படித்து, மனிதர் எவரும் பக்கத்தில் இல்லாமலேயே நம் நிரலின் காதில் ஓதிவிடும். கோப்பை மெஷினின் உரிமையாளர் கணக்கில் நுழைந்தவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளில் ஐந்தைப் பிரதி எடுத்து அந்த மெஷினில் போட்டிருந்தார்.

நான்கு வரி எளிதாக நிரம்பியது. ஐந்தாவது, சாவி. சிற்பி கண்ணை மூடிக்கொண்டார். இருபத்துநான்கு எழுத்துகள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி. ஒரு மூச்சில் சொன்னார். சின்ன மாப்பிள்ளைக்குத் தம் ஸ்கூட்டர் எண்ணே சில சமயம் மறந்துபோகும். சகலையைப் பார்த்து முதல்முறையாக மனதாரத் தலை வணங்கினார்.

நிரல் கிளம்பியது. ரிப்போர்ட்டைத் திறந்தார்கள். திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும்.

"தட்டச்சுத் தப்பு," என்றார் சிற்பி.

செக்கிங் மேடம் வரியை அழித்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னார். மறுபடி கட்டம். மூன்றாம் முறை சொன்னபோது குரலில் மேடை இல்லை. மூன்று முறையும் அவர் சொன்னதை மேடம் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தார். ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. பதினொன்றே கால்.

சின்ன மாப்பிள்ளையின் போன் அடித்தது. திரைச்சீலை. "அப்புறம் பேசறேன்," என்று வைத்தார். அவர் கண்ணுக்குள் கிழிந்த காகிதம் குப்பைப்பையில் விழுந்துகொண்டே இருந்தது.

"அண்ணே," என்றார் சிற்பியிடம், "நல்லா யோசிங்க."

"யோசிக்க என்ன இருக்கு சகலை? இதுதான். இதையேதான் அன்னிக்கும் தட்டினேன். செத்தாலும் மறக்க மாட்டேன்."

"மறக்கலைன்னுதான் எனக்கும் தோணுது," என்றார் செக்கிங் மேடம். "மூணு தடவையும் ஒண்ணே வந்திருக்கு. நீங்க என்ன கொடுத்தீங்கங்கறது தெரிஞ்சு போச்சு சார். அதுக்கு என்ன போய்ச் சேந்துச்சுன்னு அதையே கேட்டுடுவோம்."

"எதை?"

"உள்ள ஓடிக்கிட்டிருக்கே, அதை. இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் உயிரோடதான இருக்கு?"

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அந்த மெஷின் ஓர் அறை ஒதுக்கி வைக்கிறது, கிளம்பும்போது அதன் கையில் கொடுத்த எல்லாம் அந்த அறையில் அப்படியே இருக்கும், கிளப்பியவர் தம் பெயரில் நுழைந்தால் பார்க்கலாம் என்று மேடம் விளக்கினார். நிரல் நின்றுபோனால் அறையும் போய்விடும். சிற்பி இதுவரை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கொடுத்தவர் எதற்குப் போய்ப் பார்க்கப் போகிறார்?

"நீங்களே பண்ணுங்களேன், மேடம்," என்றார் சிற்பி.

"கிளப்பினது நீங்க சார். உங்க பேர்ல வந்தாதான் கதவு திறக்கும்."

அது பாதிதான் உண்மை. உரிமையாளர் கணக்கின் கடவுச்சொல் மேடத்திடமும் இருந்தது. அதைக் கொண்டு அவரே திறந்திருக்கலாம். சின்ன மாப்பிள்ளைக்கு இது தெரியும். அதைக் கவனித்து, வாயை மூடிக்கொண்டார்.

சிற்பி நுழைந்தார். மேடம் சொன்ன ஒரே ஒரு வரியைத் தட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாள் திரையில் வந்து நின்றது. ஐந்து மாறிகள். மேடம் ஐந்தாவதை மட்டும் எடுத்து, சிற்பி சொன்ன வரிக்கு நேர் கீழே ஒட்டினார். மேலே இருபத்துநான்கு எழுத்து. கீழே இருபத்திரண்டு. நடுவில் ஒரு டாலர் குறியும் அதற்கு அடுத்த ஏழும் காணவில்லை.

"தின்னுடுச்சு," என்றார் மேடம்.

"எது?"

"கறுப்புத் திரை சார். அன்னிக்கு இரட்டை மேற்கோளுக்குள்ள தட்டியிருக்கீங்க. டாலரைப் பாத்தா அது எழுத்துன்னு நினைக்காது. பின்னால வர்றது ஒரு பேரு, அந்தப் பேர்ல என்ன இருக்கோ அதை இங்க வைக்கணும்னு நினைச்சுக்கும். ஏழுங்கற பேர்ல ஒண்ணும் இல்லை. அதனால ஒண்ணுமே வைக்கலை. புகாரும் சொல்லலை. நம்ம நிரல் கிடைச்சதை வச்சு எல்லாத்தையும் பூட்டிடுச்சு."

மூன்று வருடம் மண்டைக்குள் பொத்திப் பாதுகாத்த சாவி. அதற்கு உலகத்தில் பூட்டே கிடையாது. சின்ன மாப்பிள்ளை இந்த நாளுக்காக எத்தனையோ விருந்துகளில் காத்திருந்தவர். மூத்தவருக்கு முதல் நாற்காலி போட்டபோதெல்லாம், ஒருநாள் வரும் என்று நினைத்தவர். வந்துவிட்டது. ஆனால் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

சிற்பி மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் சொன்னது?"

"எழுத்து மாறாம சரி சார்." செக்கிங் மேடம் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "எங்க விமான நிலையத்துல பதினாறு எழுத்தை மூணு பேருக்குப் பங்கு போட்டுத்தான் ஞாபகம் வச்சிருந்தோம். அதுலயும் ஒருத்தர் மறந்துட்டார். இருபத்துநாலை ஒத்தை ஆளா யாரும் சொல்லி நான் பாத்ததில்லை."

முகத்துதியாக இருக்குமோ என்று சின்ன மாப்பிள்ளை உற்றுப் பார்த்தார். இல்லை. அந்தப் பெண்மணி உண்மையிலேயே வியந்துகொண்டிருந்தார். அடுத்தவர் மூக்கு உடைந்து கிடக்கும் நேரத்தில் அதைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுக்கும் கைகளைச் சின்னவர் அலுவலகங்களில் அதிகம் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு எழுத்துச் சாவியைக் கோப்பில் போட்டுச் சோதனை மெஷினைக் கிளப்பினார்கள். ஐந்து ரிப்போர்ட்டுகளும் திறந்தன. ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி இரண்டு. அந்த எண்ணைவிட அழகான ஓர் எண்ணைச் சின்ன மாப்பிள்ளை வாழ்க்கையில் பார்த்ததில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவருக்குக் கொஞ்சம் ரத்தசோகை. அதற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்றுகூட ஒரு கணம் வெட்கப்பட்டார்.

சாவியின் ஒரு பிரதி உறையிலிடப்பட்டு மாமனாரின் இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. கோப்பு உண்மையான மெஷினில் ஏறியது. மணி ஒன்று பத்து.

"இப்ப நாமளே அணைச்சுடுவோம்," என்றார் செக்கிங் மேடம்.

"ரெண்டு மணிக்குத் தானா நிக்கப் போகுதே?" என்றார் சிற்பி.

"அதான் சார். இப்ப தப்பானா திருத்த அம்பது நிமிஷம் இருக்கு. கரண்ட் போய் வந்த பிறகு தப்பானா, ஆறு மணிக்கு நாற்பத்தோரு பேரும் சின்னவருக்குப் போன் போடுவாங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா போதும். யாரும் தொடாம அது எழுந்து வரணும். நானும் தொட மாட்டேன்."

அணைத்தார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. மறுபடி கிளப்பிவிட்டு, மேடம் தம் நாற்காலியை மேசையிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார். சிற்பி உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு கடினமான வேலையை அவர் அந்த அலுவலகத்தில் அதற்கு முன் செய்ததில்லை. மூன்று பேரும் எதையும் செய்யாமல் நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். தான் இல்லாமலே நடக்கும்படி ஒரு காரியத்தைச் செய்து வைப்பதற்குத்தான் எல்லா வேலையிலும் அதிகத் திறமை வேண்டும் என்று சின்ன மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

போன் அடித்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து நிலையத்தின் பரிசோதகர்.

"சார், நடுவுல அஞ்சு நிமிஷம் எதுவுமே வரலை. இப்ப வருது. போன வருஷ ரிப்போர்ட் ஒண்ணைப் பிரிண்ட் எடுத்தேன்."

"வந்துச்சா?" என்றார் சின்ன மாப்பிள்ளை.

"வந்துச்சு. ஆனா எழுத்து எறும்பு மாதிரி இருக்கு சார். வயசானவங்க எப்படிப் படிப்பாங்க? எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க சொல்லிக்கிட்டே இருங்க சார். கேக்க நல்லா இருக்கு," என்று சின்ன மாப்பிள்ளை வைத்தார். எதிர்முனையில் அந்த மனிதர் போனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"என்னவாம்?" என்றார் சிற்பி.

"எழுத்து சின்னதா இருக்காம் அண்ணே."

"அதுக்கும் நிரல்ல ஒரு மாறி இருக்கு சார்," என்றார் செக்கிங் மேடம். "யாரும் எதுவும் கொடுக்கலை, அதனால ஒன்பதுலயே நிக்குது. ஒரு வரி சேத்தா போதும். ரெண்டு மணிக்கு அணைஞ்சு ஆறு மணிக்கு எழும்போது தானா எடுத்துக்கும்."

சிற்பி கையை அவிழ்த்தார். கோப்பைத் திறந்து, ஆறாவது வரியைத் தட்டினார்: எழுத்தின் அளவு, பன்னிரண்டு. சேமிக்கும் பொத்தானுக்கு மேல் அவர் விரல் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார்.

"ஒரு தடவை பாத்துடுங்க மேடம்," என்றார்.