எட்டு மூட்டை கான்கிரீட்

ஐந்தாவது மூட்டையைப் பிரிக்கும்போதே வெர்னாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இன்னும் மூன்று கிடந்தன. ஒவ்வொன்றும் எண்பது பவுண்டு. தள்ளுவண்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் புரட்டி, பலகைப் பெட்டிக்குள் அள்ளிப் போட வேண்டும். அறுபத்தெட்டு வயதில் இது என்ன தலையெழுத்து என்று அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது.

கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணவன் தர்லோ உட்கார்ந்திருந்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனுஷன். வாய் மட்டும் கைவிடவில்லை.

"தண்ணி ஜாஸ்தி. கஞ்சியா காய்ச்சுறே?"

"வந்து நீ கிண்டு, தெரியும்."

"கிண்டுவேன். அப்புறம் என்னையும் அதுக்குள்ளயே போட்டு மூடிட வேண்டியதுதான்."

"எடை காணாது. உன்கிட்ட என்ன இருக்கு, எலும்பும் வாயும்."

தர்லோ சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து மலைப்பக்கம், நவம்பர் மாதம். வீட்டிலிருந்து பெரிய சாலைக்குக் கால் மைல், முழுக்கச் சரிவு. சாலையில் விழும் பனியை ஊர் வண்டி வந்து தள்ளும். இந்தக் கால் மைல் இவர்கள் பாடு. திங்கள், புதன், வெள்ளி என்றால் விடிவதற்குள் கிளம்பி, நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் தர்லோவை டயாலிசிஸில் கிடத்தியாக வேண்டும். ஒரு தடவை தவறினால் ஆள் வீங்கிப்போவான். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்பதை வெர்னா நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அவர்களுடையது சின்ன டிராக்டர். முன்வாளி நிறையப் பனியை அள்ளித் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதற்காக இத்தனை வருஷமும் தர்லோ ஓட்ட, வெர்னா பின்னால் இரும்புச் சட்டத்தில் ஏறி நின்று, இருக்கையைப் பிடித்துக்கொண்டு போவாள். போன மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல். தர்லோ ஐயா தனியாகப் போனார். வண்டி சறுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அடிபடவில்லை, ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி தவறிப்போயிற்று. அதற்குப் பிறகு அவனால் டிராக்டரில் ஏறவும் முடியவில்லை. இந்தக் குளிர்காலம் ஓட்டப்போவது வெர்னா. பின்னால் எடைக்கு நிற்க ஆள் இல்லை. அதனால்தான் டிராக்டருக்குப் பின்னால் மாட்ட இந்தக் கான்கிரீட் பெட்டி.

"முப்பது வருஷமா நான்தான் உனக்கு எடைப்பெட்டி," என்றாள். "சம்பளம் இல்லாத பெட்டி."

"சத்தம் போடுற பெட்டி," என்றான். கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடியில நாலு சக்கரம் வை, வெர்னா" என்றான்.

மூன்று நாளாக இதே பாட்டு. எடைப்பெட்டி செய்கிற எல்லாரும் கடைசியில் மாட்டிக்கொள்வது இதில்தான் என்று அவன் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். கான்கிரீட் இறுகிவிட்டால் பெட்டி நகராது. டிராக்டரைத்தான் அதனிடம் அங்குலம் பிசகாமல் கொண்டுபோக வேண்டும். வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் சக்கரத்துக்காக இன்னொரு தடவை கடைக்கு அறுபது மைல் போய்வர அவள் உடம்பில் தெம்பு இல்லை.

"நான் வண்டியைப் பின்னால எடுக்கும்போது நீ கடப்பாரையால ஒரு நெம்பு நெம்பினா போதும். அதுகூட முடியாதா?"

அவன் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அவள் ஆறாவது மூட்டையைப் பிரித்தாள்.

அடுத்த ஞாயிறு மதியம், விடிவதற்குள் ஒன்றரை அடி பனி என்று ரேடியோ சொன்னது. வெர்னா டிராக்டரைப் பின்னால் எடுத்தாள். வண்டியின் இரண்டு தூக்குக் கைகளில் இருக்கும் துளைகள், பெட்டியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளில் உட்கார வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்தது. வலது பக்கம் இரண்டு அங்குலம் எட்டவில்லை. ஏறினாள், முன்னால் எடுத்தாள், பின்னால் எடுத்தாள், இறங்கினாள். இப்போது வலது சரி, இடது கோணல். ஏழு தடவை. எட்டாவது தடவை பெட்டிமேலேயே உட்கார்ந்து, கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தர்லோ வீட்டுச் செருப்போடு வந்து நின்றான். கையில் கடப்பாரை.

"எந்திரி."

"உள்ள போ. விழுந்து தொலைக்காதே."

"எந்திரிடி."

கடப்பாரையை அடியில் கொடுத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தான். பெட்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் வண்டியின் தூக்குக் கையைத் தள்ளினாள், கம்பியில் டக்கென்று உட்கார்ந்தது. அவன் அப்படியே தரையில் சரிந்து மூச்சு வாங்கினான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"சக்கரம் இருந்தா நீ தனியாவே மாட்டியிருப்பே."

"ஏன் தனியா மாட்டணும்? நீ இருக்கியே."

"இப்ப இருக்கேன்." கடப்பாரையைக் கீழே வைத்தான். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், வெர்னா. கிறிஸ்மஸோட டயாலிசிஸை நிறுத்திக்கலாம்னு. ரொம்ப அலுத்துப்போச்சு."

வெர்னாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"அப்ப இந்தச் சனியன் யாருக்கு?"

"உனக்கு. நான் போனப்புறமும் பனி பெய்யும்ல?"

"நல்ல கூத்து! நீ ஆஸ்பத்திரி போகணும்னு நான் இடுப்பு ஒடியக் கட்டுறேன். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு நீ சக்கரம் வைக்கச் சொல்றே. அலுப்பாம்! எனக்கு அலுக்கலையா? ஒரு நாள் சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருக்கலாம்," என்றான் தர்லோ. "நானும் துணைக்கு அலுத்திருப்பேன்."

அவனைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டிப்போனாள்.

திங்கள் விடிகாலை நான்கு மணிக்கு அவள் மட்டும் எழுந்தாள். அவனை எழுப்பவில்லை, எழுப்பி, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். முன்வாளி நிறைய அள்ளினாள். பின்சக்கரம் கொஞ்சமும் எழவில்லை. சரிவில் வண்டி அசையாமல் நின்றது. கால் மைலையும் தள்ளி முடித்துத் திரும்பியபோது அவளுக்குக் கையும் காலும் தன்னுடையவையாக இல்லை.

சமையலறையில் தர்லோ கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூட்ஸுக்குள் கால் நுழைத்திருந்தான். குனிய முடியாததால் கயிறுகள் இரண்டு பக்கமும் தொங்கின.

வெர்னா மண்டியிட்டு, கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"புதன்கிழமையும் பனியாம்," என்றாள், தலையைத் தூக்காமல்.

"கேட்டேன். அன்னிக்கும் எழுப்பு." அவன் கை அவள் தலைமேல் வந்து நின்றது. "அதுக்கு மேல கேக்காதே."

அவள் கேட்கவில்லை. கால் வீங்கியிருந்ததால் தளர்த்தியே கட்டினாள்.