அறுபத்திரண்டு மேசைகள்

நார்பர்ட் டூடெக் இருபத்தாறு வருடமாக ஈகிள் ரிட்ஜ் மாலின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் எல்லோருக்கும் அவன் நார்பி. வயது ஐம்பத்தொன்று. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மந்தம். எழுத்துக் கூட்டிப் படிப்பான், கடிகாரம் பார்ப்பான், தனியாகச் சாலையைக் கடக்க மாட்டான். ஆனால் பேச்சு மட்டும் வாய் மூடாத பேச்சு. வந்து உட்காருகிறவரிடம் பேர் கேட்பான், பிள்ளைகள் பேர் கேட்பான், நாய் இருந்தால் அதன் பேரும் கேட்பான்.

அவன் அக்கா மார்லிஸ் ஆறு வயது மூத்தவள். அதே மாலின் பெரிய கடையில் பெண்களுக்கான காலணி விற்றவள். அந்தக் கடை மூடிய பிறகு ஊருக்குள் ஒரு மருந்துக்கடைக் கல்லாவில் அரைநாள் வேலைக்குப் போனாள். அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் இருவரும் இருந்தார்கள். தினமும் காலை ஒன்பதரைக்குத் தம்பியைக் காரில் கொண்டுவந்து விடுவாள்.

ஒஹையோவின் அந்த ஊரில் எஃகு ஆலை போன பிறகு, குளிர்காலத்தில் மனிதர் மனிதரைப் பார்க்க மிஞ்சியிருந்த இடம் மால் ஒன்றுதான். வெளியே பனி கொட்டும்போது ஓய்வுபெற்ற கிழவர்கள் உள்ளே வந்து காலைநடை நடப்பார்கள். அவர்களில் ஸெலென்கா என்ற பழைய ஆலைத் தொழிலாளி நார்பியைச் சீண்டாமல் போகமாட்டார்.

"ஏன்டா இப்படித் தேய்க்கிற? மேசையில என் மூஞ்சி தெரியுது. காலங்காத்தால மனுஷன் அதைப் பாத்துப் பயப்படணுமா?"

"அப்ப அடுத்த மேசைக்குப் போங்க. அதுல மூக்கு மட்டும்தான் தெரியும்" என்பான் நார்பி.

கடைசிக் குளிர்காலத்தில் நூற்றுப்பத்துக் கடைகளில் ஒன்பது பாக்கி. கூரை ஒழுகிய இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் குவாக் என்பவரின் நூடுல்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் அதிகம். நார்பி மட்டும் அறுபத்திரண்டு மேசைகளையும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை துடைத்தான்.

"யாருமே உட்காராத மேசையை ஏன்டா துடைக்கிற?" என்று மார்லிஸ் ஒருநாள் கேட்டாள்.

"தூசி உட்காருதே" என்றான்.

பிப்ரவரியில் மால் மேலாளர் வெண்டல் ப்ரூட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மேலிடம் மூன்று முறை சொல்லியும் நார்பியைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தவர்.

"மார்ச்சோட முடிஞ்சுது மார்லிஸ். இடத்தை வித்துட்டாங்க. கிடங்கு வரப்போகுதாம். ஜனங்க வீட்டுல இருந்தே வாங்குறதையெல்லாம் அங்க இருந்து அனுப்புவாங்க. நார்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நீங்க சொல்லலாமே."

"என்னால முடியாது. என் மூஞ்சியைப் பாத்து 'ஏன்'னு கேப்பான்."

"என்கிட்டயும்தான் கேப்பான்."

"நீங்க அக்கா" என்றார் அவர். மேசை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். அவையும் குப்பைக்குப் போகப் போகிறவைதான்.

இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள். நார்பி உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டியபடி கேட்டுக்கொண்டான்.

"ஈஸ்டருக்கா சாத்துறாங்க?"

"இல்லடா. ஒரேயடியா."

"ஈஸ்டருக்கும் சாத்துவாங்க. அப்புறம் திறப்பாங்க" என்று அவளுக்குத் தைரியம் சொன்னான்.

ஏப்ரல் முதல் தேதி சீருடை போட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டான். கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வான் என்று அவளும் அழைத்துப் போனாள். கதவை இழுத்துப் பார்த்தான். சங்கிலி போட்டிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தான். "சாவியை மறந்துட்டாங்க" என்று திரும்பி வந்தான். மறுநாளும் அதே கதை. பதினோரு வாரம், மருந்துக்கடைக்குப் போகிற வழியில், அவள் அவனை அந்தக் கதவுக்குக் கூட்டிப்போனாள். செய்வது தப்பா சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. போகாத நாட்களில் அவன் சாப்பிடவில்லை.

ஒருநாள் அவர்கள் போனபோது இயந்திரம் வந்து சாப்பாட்டுக் கூடத்தின் பக்கச் சுவரைப் பிய்த்துவிட்டிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேசைகள் கால் ஒடிந்து ஒரு இரும்புத் தொட்டிக்குள் கிடந்தன. நார்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு, "நனையுது மார்லிஸ்" என்றான். அதன் பிறகு அங்கே போகவேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். மாவட்டத்துப் பகல் காப்பகத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டாள். காத்திருப்போர் பட்டியல் நீளம். இதற்குள் மால் நின்ற இடத்தில் ஜன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடம் எழும்பியது. மருந்துக்கடையில் அரைநாள் வேலைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. கிடங்கில் உண்டு. அறுபது வயதில் மார்லிஸ் அங்கே சேர்ந்தாள்.

கையில் ஒரு கருவி. எந்த அடுக்கில் என்ன எடுக்கவேண்டும் என்று அது சொல்லும், எத்தனை நொடியில் எடுத்தாள் என்றும் பார்த்துக்கொள்ளும். தன் காலணிக் கடை இந்தத் தரையில் எந்த இடத்தில் இருந்தது என்று முதல் வாரம் அளந்து பார்க்க முயன்றாள். பிடிபடவில்லை. ஒருநாள் ஏழரை அளவில் ஒரு ஜோடி காலணி எடுக்கச் சொன்னது கருவி. முப்பது வருடம் ஜனங்களின் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்து விற்றவள். இது யார் காலுக்கோ. பெட்டியைத் தள்ளுவண்டிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த அடுக்குக்கு நடந்தாள்.

அங்கே இடைவேளை அறை ஒன்று இருந்தது. அதில் நாற்பது மேசைகள். பார்த்த அன்றே அவளுக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த காமில் ரோச் என்ற பெண்ணிடம் மூன்று தடவை போய்த் தம்பிக்காகக் கேட்டாள். நான்காவது தடவை காமில் ஒப்புக்கொண்டாள்.

முதல்நாள் வேலை முடிந்து, மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றாமலே நார்பி காரில் ஏறினான்.

"சொன்னேன்ல மார்லிஸ், திரும்பத் திறப்பாங்கன்னு" என்றான்.

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அரைமணி இடைவேளை. அறைக்கு நடந்து வரவும் போகவுமே எட்டு நிமிடம் தின்றுவிடும். ஜனங்கள் போனைப் பார்த்தபடி விழுங்கிவிட்டு எழுந்து போனார்கள். நார்பி மேசைக்கு மேசை போய்ப் பேர் கேட்டான். பாதிப் பேர் காதில் எதையோ மாட்டியிருந்தார்கள். எஸெனியா என்ற இளம்பெண் மட்டும் பதில் சொன்னாள். தன் பையன் பேர் மேட்டியோ என்றாள், படம் காட்டினாள். அதன் பிறகு நார்பிக்கு மேட்டியோவின் செய்தி தினமும் வேண்டும். பல் விழுந்ததா, முளைத்ததா, ஜுரம் விட்டதா. மூன்றாவது வாரத்தில் எஸெனியா மூன்று நிமிடம் தாமதமாக அடுக்குக்குத் திரும்பினாள். அவள் கணக்கில் ஏற்கெனவே இருந்த தாமதங்களோடு அது வரம்பைத் தாண்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் அவளைப் பார்த்து மார்லிஸ் ஓடினாள். "மன்னிச்சிடும்மா. அவனுக்குத் தெரியாது."

"அவரைத் திட்டிடாதீங்க" என்றாள் எஸெனியா. "இந்தக் கட்டடத்துல என் பையன் பேரைக் கேட்ட ஒரே ஆளு அவருதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

மறுநாள் காமில் கூப்பிட்டாள்.

"சுத்தத்துல ஒரு குறையும் இல்ல. பேச்சுதான். புகார் வந்திருக்கு."

"இடைவேளையில பேசக் கூடாதுன்னு சட்டமா?"

"சட்டம் இல்ல மார்லிஸ். ஆனா நேரம் போகுதே. அவன் பேசாம இருந்தா நான் வச்சுக்கிறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க மார்லிஸ் எப்படிச் சொல்வதென்று யோசித்தாள். கடைசியில் எளிமையாகவே சொன்னாள். "நார்பி, அங்க வேலை செய்யணும்னா யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசினா அவங்களுக்கு வேலை போயிடும். எஸெனியாவுக்குப் போச்சு பாத்தியா."

"நான் பேசினதாலயா?"

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் வேலை நிலைக்கவேண்டுமே என்ற கவலையில் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டாள். அந்த ஒரு கணத்தை அவன் கவனித்துவிட்டான்.

அன்றிலிருந்து நார்பி பேசவில்லை. முதல் சில நாள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் துடைத்தான். பிறகு கை வேண்டியிருக்கவில்லை. மேசைகள் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன. யாரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவனும் யாரையும் பார்க்கவில்லை. "ரொம்ப நல்லாப் பழகிட்டான்" என்று காமில் மனதாரச் சொன்னாள். மாதக் கடைசியில் பாராட்டுத் தாள் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. "இங்க பேசலாம்டா, இங்க யாருக்கும் வேலை போகாது" என்று சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள். ஒருநாள் கத்தினாள். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். நிறுத்தினால் நாள் முழுக்க அந்த அறையில், அந்த மௌனத்தோடு, தனியாக இருப்பான்.

நவம்பரில் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். தொண்டையில் கோளாறு இல்லை என்றார் அவர். மனநல நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார். நிபுணரிடம் நேரம் கிடைத்தது ஜூன் மாதத்தில்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"விடாம அவர்கூடப் பேசிக்கிட்டே இருங்க" என்றார் மருத்துவர்.

பாதி நாள்தான் விடுப்பு. அங்கிருந்து நேரே கிடங்குக்குப் போகவேண்டும். வழியெல்லாம் மார்லிஸ் பேசினாள். பனி இந்த வருடம் சீக்கிரம் வந்ததைப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி பழுதானதை, குவாக் மகன் கலிஃபோர்னியாவில் கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதை, அம்மா ஒரு கிறிஸ்துமஸுக்கு வாத்தைக் கருக்கியதையெல்லாம் பேசினாள். நார்பி முன்கண்ணாடியில் துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது அவளுக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது. கடைகளின் பலகைகளை வாய்விட்டுப் படித்தாள். அதுவும் தீர்ந்தது.

வண்டியை நிறுத்தினாள். வேலை ஆரம்பிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. வாசலுக்கு நடக்க அதில் ஆறு போய்விடும். மீதி ஆறு நிமிடம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.