கண்டத்திட்டைக் கடந்து வந்த சூடு

கரையோரக் கடல் எவ்வளவு குளிர்ந்ததோ, அவ்வளவே ஆல்வினின் உடம்பும் குளிர்ந்தது. கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் ஆய்வுப் படகில் டெக்னீஷியனாக இருந்தவர், கோவளத்துக்கு நேரே, கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடித் தரையான கண்டத்திட்டின் மேல், ஒரு டிசம்பரில் தவறி விழுந்தார். உடனே தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நாக்கின் கீழ் வைத்த தெர்மாமீட்டர் விழுந்த இடத்துத் தண்ணீரின் சூட்டையே காட்டியது. செம்பாக்கத்து டாக்டர் வேறொன்றை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்றார். கோடையில் ஆல்வின் வேலைக்குப் போனார், காய்கறி வாங்கினார், ஏரிக்கரையில் நடந்தார். மார்கழியில்தான் விரல்கள் நீலம் பாரித்தன, நாக்கு குழறியது. தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருந்த அவர் மனைவி ஜாஸ்மின் வெந்நீர்ப் பையை மார்பில் வைத்தால், எடுக்கும்போது அது மண்பானைத் தண்ணீர்போல் இருக்கும். மூன்று குளிர்காலங்களை அப்படியே தள்ளினார்கள். நான்காவதில் அவர் பேசுவதை நிறுத்தினார்.

ஆய்வுப் படகின் விஞ்ஞானி பத்ரிநாராயணன் பார்க்க வந்தார். கரையோரக் கடலுக்கு ஆழமில்லை, தரைக்காற்று அதன் சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்று கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். கண்டத்திட்டின் விளிம்புக்கு அப்பால் ஆழக்கடல் சூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு நீரோட்டம் பிரிந்து கரைப்பக்கம் வந்தால் ஆல்வின் பிழைப்பார். இந்த வருடம் அது விளிம்போடு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.

"எப்ப திரும்பும் சார்?"

"தெரியலம்மா. சில வருஷம் திரும்பவே திரும்பாது."

மறுநாள் ஜாஸ்மின், பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாளைக் கணவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுக் கோவளம் போனாள். மீனவர் சவுரிமுத்துவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மாட்டேன் என்றவர், அவள் படகைவிட்டு இறங்க மறுத்ததும் இன்ஜினைக் கிளப்பினார். நெடுநேரம் போனார்கள். விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் நிறம் மாறியது. கையை விட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது.

"உன் வூட்டுக்காரர் இன்னா ஆனார்னு தெரிஞ்சும் எறங்குறியேம்மா."

"தெரிஞ்சதாலதான் அண்ணா வந்தேன்."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பயத்தில் வந்த நடுக்கம் நிற்கும்வரை தண்ணீரிலேயே கிடந்தாள்.

வீடு திரும்பிக் கணவரைக் கட்டிக்கொண்டு படுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூச்சு இழை இழையாக வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற அபிதகுஜாம்பாள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஜாஸ்மின் கையை எடுக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிய பிறகுதான் சூடு அவளிடமிருந்து பிரிந்தது. ஒரேயடியாக வரவில்லை, சுழி சுழியாக, முதலில் அவர் பாதத்துக்கு, பின்பு முழங்காலுக்கு, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி வயிற்றுக்கு. மாலையில் ஆல்வின் கண் திறந்தார்.

"வேர்க்குது. ஃபேனைப் போடு," என்றார்.

ஆழக்கடலுக்குச் சூடு தீராது என்பதால் ஜாஸ்மினுக்கும் தீரவில்லை. அவளைவிட்டுத் தள்ளிப்போனால் ஆல்வின்தான் குளிர்ந்துவிடுவார். அதனால் குளிர்காலம் முழுக்க அவள் வகுப்பில், மேஜைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியை ஆட்சேபம் சொல்லவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டு வருவதில்லை.