அமலுக்கு வரும் நாள்

அஸ்தினாபுரத்தில் சுப்பராயலு சாரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். சார் ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். படுத்த படுக்கையாகி ஒரு வருடம் ஆகிறது.

முன்னாள் ஆளுநர்களின் ஓய்வூதியத்தை மாற்றும் மசோதாவைப் பற்றி டிவியில் சொன்னார்கள். ஆளுநர் இறந்தபின் மனைவிக்கு இனி ஓய்வூதியம் கிடையாது. அடுத்த மாதம் சட்டம் அமலுக்கு வருவதற்குள் கணவரை இழந்தவர்களுக்கு மட்டும் தொடரும். சாரின் மனைவி கோகிலவாணி அம்மா ஓடிவந்து டிவியை அணைத்தார். அதற்குள் சார் கேட்டுவிட்டார்.

அன்று மதியத்திலிருந்து அவர் சாப்பிடவில்லை. கொடுத்த கஞ்சி கடைவாயில் வழிந்தது. டியூப் வைக்க வந்த டாக்டரின் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்கு உங்க பென்ஷன் வேணாங்க. நாலு வீட்ல சமைச்சாவது பொழச்சுக்கறேன். ஒரு வாய் வாங்கிக்குங்க," என்று அம்மா கெஞ்சினார்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா? உன்னை யாருடி வேலைக்கு வச்சுப்பாங்க?" சார் லேசாகச் சிரித்து, உதட்டை இறுக்கிக்கொண்டார்.

சமையலறையில் அம்மா என் கையைப் பிடித்தார். "நீ சொன்னா நம்புவார் சோயா. சட்டம் வரலன்னு சொல்லும்மா."

எனக்குப் பொய் வராது. ஆனாலும் போய்ச் சொன்னேன். "மசோதாவ ஒத்தி வச்சுட்டாங்க சார்."

அவர் முகம் தளர்ந்தது. ஸ்பூனைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஒத்திவைக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்தது யாரும்மா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அதிலேயே சாருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.