கேட்டைத் தாண்டி வந்த அரிசி

சுங்கை ரம்பாய்ப் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று சர்க்கார் அறிவித்ததுமே ரப்பர் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் காளிமுத்து மண்டோர் கூலி லயத்து ஜனங்களைக் கூட்டி, இந்த வருஷம் ஆற்றங்கரை முனியாண்டிக்குப் பூசை போட்டே தீருவது என்று சொல்லிவிட்டார். வெள்ளைப் பகுதி என்றால் ஊரடங்கு கிடையாது. கேட்டில் சோதனை கிடையாது. காட்டோரம் போனால் எவனும் சுடமாட்டான். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததிலிருந்து அந்த முனியாண்டியை ஓர் ஆள் எட்டிப் பார்த்ததில்லை. ஆற்றோரம் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி, கிடா வெட்டி, சோறு பொங்கிப் படைத்துவிட்டு விடிந்ததும் திரும்புவது பழைய வழக்கம்.

போனார்கள். துள்ளிக் குதித்துப் போனார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வாய் கூசாமல் பொய் சொல்ல முடியாது. முள்வேலிக்குள்ளேயே வருஷக்கணக்கில் அடைந்து கிடந்த ஜனம் அது. லாரியிலிருந்து இறங்கியவர்கள் ஆற்றையும் காட்டையும் பார்த்து ஆகா ஓகோ என்று ஆடவில்லை. கித்தானை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிவிட்டு, அங்கங்கே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி ஓர் அசதி.

எல்லாரையும்விட அசந்து போயிருந்தவன் தனபாலன். அவன் லாரியில் வரவில்லை. அவனுக்கும் அவன் பெண்டாட்டி முத்தாயிக்கும் லாரியில் யாரும் இடம் விடவில்லை. அவளைப் பின்னால் உட்கார வைத்துச் செம்மண் சடக்கில் சைக்கிள் மிதித்தே வந்து சேர்ந்தான்.

இடம் விடாததற்குக் காரணம் உண்டு. தனபாலன் எஸ்டேட் கேட்டில் எஸ்.சி.யாக, அதாவது துப்பாக்கி பிடித்த காவல்காரனாக இருந்தவன். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு போகக்கூடாது என்பது சட்டம். விடிகாலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிற ஒவ்வொருவனையும் நிறுத்தித் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பது அவன் வேலை. ஒருநாள் சாமிக்கண்ணுவின் சட்டியில் சோறு இருந்தது. சாமிக்கண்ணுவுக்கு வயிற்றுப் புண், மத்தியானம்வரை வெறும் வயிற்றோடு தாங்கமாட்டார். அது தனபாலனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பக்கத்தில் வெள்ளைக்கார சார்ஜன் நின்றான். தனபாலன் சட்டியைத் திறந்து காட்டிவிட்டான். சாமிக்கண்ணு ஜெயிலுக்குப் போனார், ஜெயிலிலிருந்து அப்படியே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சம்சாரம் இருசம்மாள் லயத்திலேயே தங்கிப்போனாள். கூடப் போகிறாயா என்று அவளை ஒருத்தனும் கேட்கவில்லை.

அன்று முதல் தனபாலன் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. முத்தாயி குழாயடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். இப்போது கேட்டில் காவல் வேண்டாம் என்றாகி, துப்பாக்கியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மரம் வெட்டும் வேலை கேட்டுக் காளிமுத்துவிடம் போனான்.

"வேலை இருக்குடா," என்றார் மண்டோர். "ஆனா சனம் உன்கூட உக்காந்து ஒரு வாய் சோறு திங்கணும்லா? பூசைக்கு வா. இருசம்மா என்ன சொல்லுதோ அதான் எல்லாருக்கும். அது சரின்னா நீ இங்கயே இருந்துக்க. இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எப்படியாவது இங்கயே இருந்துரலாங்க," என்று முத்தாயி வழி முழுக்கச் சைக்கிளின் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

சமையல் பொறுப்பு இருசம்மாளுடையது. கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் உலை வைத்தாள். கிடா வந்தாயிற்று. தேங்காய், மஞ்சள், வாழையிலை எல்லாம் லாரியில் வந்தாயிற்று. உலை தளதளவென்று கொதித்தது.

"அரிசியக் கொண்டாங்கடி," என்றாள் இருசம்மாள்.

வீட்டுக்கு ஒரு படி அரிசி போடுவது முறை. ஒருத்தரும் அசையவில்லை. கமலவேணி பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மண்டோரைப் பார்த்தான்.

"ஏன்டி, நீ எடுத்தாரல?" என்று இருசம்மாள் கமலவேணியைக் கேட்டாள்.

"கேட்டு தாண்டி அரிசியா? சத்தியமா ஞாபகமே வரலக்கா."

ஒரு வீடு பாக்கியில்லை. பாய் வந்திருக்கிறது, தலையணை வந்திருக்கிறது, ஒருத்தி அம்மிக்குழவியைக்கூடத் தூக்கி வந்திருக்கிறாள், அரிசியைக் காணோம். வெளியே கிளம்பும்போது அரிசியைத் தொடக்கூடாது என்று இத்தனை வருஷம் பழகிய கை, சட்டம் போன பிறகும் அரிசிப் பானைப் பக்கம் போகவில்லை. மண்டோரே மறந்துவிட்டார். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்று, ஒவ்வொரு முகமாகத் தனபாலன் பக்கம் திரும்பியது.

லாரி எப்போதோ திரும்பிப் போய்விட்டது. தனபாலன் எழுந்து சைக்கிளை எடுத்தான்.

காலில் தெம்பே இல்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தான். போகும் வழியெல்லாம் இருசம்மாளிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான், ஒரு வார்த்தையும் உருப்படியாக அமையவில்லை. வீட்டிலிருந்த அரிசி மூட்டையை அப்படியே தூக்கிச் சைக்கிளில் கட்டினான். திரும்பி வரும்போது கேட்டு ஆளில்லாமல் ஆவென்று திறந்து கிடந்தது. ஆனாலும் பாருங்கள், அவன் கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. இறங்கி நின்று, யாராவது வந்து மூட்டையை அவிழ்ப்பார்களா என்று பார்த்தான். ஒருத்தரும் வரவில்லை. சீ, இதென்ன பிழைப்பு என்று அவனுக்கே அழுகை முட்டியது. மறுபடியும் ஏறி மிதித்தான்.

ஆற்றங்கரையில் மூட்டையை இறக்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருசம்மாள் வந்தாள், மூட்டையைப் பார்த்தாள், முறத்தை நீட்டினாள்.

"கொட்டு," என்றாள்.

அவ்வளவுதான். காளிமுத்து பெருமூச்சு விட்டார். பெண்கள் அரிசி களைய உட்கார்ந்தார்கள். கமலவேணி தன் கைக்குழந்தையை முத்தாயி மடியில் போட்டு, "கொஞ்சம் வச்சிரு அக்கா," என்றாள். முத்தாயி அந்தப் பிள்ளையை வாரி அணைத்த விதத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். தனபாலனுக்கு நெஞ்சு லேசாகிப்போனது.

முனியாண்டிக்குப் படைத்தார்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தனபாலனுக்கும் இலை விழுந்தது. இருசம்மாளே வந்து அவனுக்குச் சோறு போட்டு, கறி போட்டு, எதிரிலேயே குந்திக்கொண்டாள்.

"அக்கா," என்றான் தனபாலன். "அன்னிக்கு அந்த சார்ஜன் பக்கத்துல..."

"தெரியும். நானும் அங்கதான் நின்னேன். நீ சாப்பிடு."

அவன் ஒரு வாய் வைத்தான்.

"உன்மேல எனக்குக் கொள்ளக் கோவம் இருந்துச்சு தம்பி. இப்ப அதுவும் இல்ல. தெனம் கோவப்பட்டுக் கோவப்பட்டு அலுத்துப்போச்சு." அவள் குரல் மற்றவர்களுக்கு எட்டவில்லை. "ஆனா காலைல எந்திரிச்சுக் குழாயடிக்கு வந்தா உன் மூஞ்சி. வேலைக்குப் பேர் குடுக்கப் போனா உன் மூஞ்சி. உன்னப் பாத்தாலே அவரு கையில விலங்கு மாட்டுனதுதான் கண்ணுல நிக்குது. ராத்திரி தூக்கமே இல்ல. மண்டோர் கேட்டா நான் வேணாம்னு சொல்லமாட்டேன். சொன்னா உன் பொஞ்சாதி பாவம், அவ என்ன செஞ்சா? அதனால உன்கிட்டயே கேக்கறேன். வேற எங்கயாவது போயிரேன். செலண்டார்ப் பக்கம் ஆள் எடுக்கறாங்களாம்லா."

திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அடித்திருந்தாலும் பரவாயில்லை. இப்படிக் கெஞ்சுகிறவளிடம் என்ன சொல்வது?

"சரிக்கா," என்றான்.

"நல்லா சாப்பிடு. அரிசி பூப்போல வெந்திருக்கு." இன்னும் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு, முட்டியில் கையூன்றி எழுந்து அடுத்த இலைக்குப் போனாள்.

அவன் சாப்பிட்டான். பசி இருந்தது, அதை என்ன செய்ய முடியும்? வரிசையின் கோடியிலிருந்து முத்தாயி ரசச் சட்டியோடு வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்து அவன் பார்க்கிறான். குனிந்து அவன் காதோரம் கிசுகிசுத்தாள்.

"அக்கா உங்ககிட்டப் பேசிட்டாங்கல்ல? நான் பாத்துக்கிட்டேதாங்க இருந்தேன். இனிமே நாம இங்கயே இருந்துக்கலாம்லா?"

தனபாலன் சோற்றில் குழி பறித்தான்.

"ரசத்த ஊத்து," என்றான்.